பெயரா, பொருத்தமா?

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிவாஜிநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு என் தங்கையும் அவள் மகனும் வந்திருந்தார்கள். பையன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறான். கையில் ஒரு பழைய மிட்டாய் டப்பா. திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, சிறிய போர்டு, நடுவில் எட்டுக்கால் ஐ.சி. ஒன்று. ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்காக அவனே கட்டிய ஆம்ப்ளிஃபையர் அது.

"ஹெட்போன் செருகினாலே 'டப்'னு காதுல அடிக்குது மாமா. சத்தமும் கரகரன்னு வருது. இதுக்குப் போட்ட ஐ.சி. மட்டும் நானூறு ரூபாய். இருக்கறதுலயே பெஸ்ட்டுன்னு சொன்னாங்க. எனக்கு இதெல்லாம் வராது போல, விட்டுடறேன்" என்றான்.

"நீயாவது சொல்லுண்ணா. படிக்கிற நேரத்துல ஈயம் உருக்கிக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றாள் தங்கை.

'எனக்கு வராது' என்று பதினெட்டு வயதுப் பிள்ளை சொன்ன சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நானூறு ரூபாய் போனால் போகட்டும். தவறு தன்னிடம் இருக்கிறது என்று பிள்ளை நம்பிவிட்டானே, அதுதான் பெரிய நட்டம். உண்மையில் தவறு அவனிடம் இல்லை. பொருளைப் பெயர் பார்த்து வாங்கியதில் இருந்தது. அதை அன்று இரவே சோதித்துக் கண்டோம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

நம் கைகள் அறிந்த தொழில்

1809-இல் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைந்தது. அதன் பிறகு படையோடும் பிழைப்புத் தேடியும் இங்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சிவாஜிநகர், அல்சூர், பிரேசர் டவுன் வட்டாரங்களில் வீட்டுக்கு வீடு ஒரு கைவினைஞர் இருந்த காலம் உண்டு. 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தபோது நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் அங்கே வேலைக்குப் போனார்கள். என் தந்தையும் தொலைபேசித் தொழிற்சாலைத் தொழிலாளிதான். வீட்டில் ரேடியோ பழுதானால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை. சால்டரிங் இரும்பும் ஒரு மீட்டரும் அலமாரியில் எப்போதும் இருக்கும்.

அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று கணினி முன்னால் அமர்ந்து நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பொருளைத் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நம் வீடுகளிலிருந்து மெல்ல விடைபெறுகிறது. ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் சின்ன விஷயந்தான். என்றாலும் ஒரு பிள்ளை முதன்முதலில் செய்து பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை. வீட்டு மின்சாரம் வேண்டாம்; ஒன்பது வோல்ட்டே போதும். உதிரிபாகங்கள் பத்துப் பதினைந்துக்கு மேல் இல்லை. முடித்தவுடன் பலனைக் காதாலேயே கேட்கலாம்.

முரட்டுக் காளையும் மூக்கணாங்கயிறும்

ஆப்-ஆம்ப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபையரைத் தமிழில் செயல்பாட்டுப் பெருக்கி என்பார்கள். கூட்டல், கழித்தல் போன்ற கணிதச் செயல்களை மின்சாரத்தால் செய்து காட்டிய கருவி என்பதால் 1947-இல் ஜான் ரகாசினி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இப்பெயரை வழங்கினார். அப்போது அது வால்வுகளால் ஆனது. 1968-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்த 741 என்ற ஐ.சி. வந்த பின்புதான் அது உலகெங்கும் பரவியது. நம்மூர்ப் பாலிடெக்னிக் ஆய்வகங்களில் பாடம் தொடங்குவது இன்றும் அந்த 741-இல்தான்.

அதன் வேலை எளிது. இரண்டு உள்வாயில்களுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டை இலட்சம் மடங்காகப் பெருக்கும். அப்படியே விட்டால் எதற்கும் உதவாத முரட்டுக் காளை. வெளிவாயிலிலிருந்து ஒரு பகுதியை உள்ளே திருப்பிக் கொடுத்து இரண்டு மின்தடைகளால் மூக்கணாங்கயிறு போட்டால் நாம் கேட்கும் மடங்குக்கு அடங்கி நிற்கும். பெருக்கம் எத்தனை மடங்கு என்பதை ஐ.சி.யின் விலை தீர்மானிப்பதில்லை. சில காசு பெறும் அந்த இரண்டு மின்தடைகளே தீர்மானிக்கின்றன.

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவைச் சேர்ந்த சூ மோய் என்பவர், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் பையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபையருக்கு ஓர் எளிய வரைபடத்தை வெளியிட்டார். இரட்டை ஆப்-ஆம்ப் ஐ.சி. ஒன்று, பேட்டரியை நடுவில் பிரிக்க 4.7 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டும் 220 மைக்ரோஃபேரட் மின்தேக்கிகள் இரண்டும். பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அடங்கிவிடும் என்பதால் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதைச் செய்தார்கள். என் மருமகன் செய்ததும் அதைத்தான்.

நான்கு கேள்விகள்

எந்த ஐ.சி. சிறந்தது என்று கேட்பது, எந்த அளவுச் செருப்பு சிறந்தது என்று கேட்பதைப் போன்றது. காலைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. வாங்குமுன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதற்கேள்வி: என் ஹெட்போன் எத்தனை ஓம்? காதுக்குள் செருகுபவையும் கைப்பேசியோடு வருபவையும் பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரை இருக்கும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் பெரிய ஹெட்போன்களில் 250, 300, ஏன் 600 ஓம் வரையும் உண்டு. உரத்த இசையின் உச்சத்துக்குப் பத்து மில்லிவாட் தேவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 32 ஓம் ஹெட்போனுக்கு 0.57 வோல்ட் போதும். ஆனால் 18 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். அலையின் உச்சியில் அது 25 மில்லி ஆம்பியராகும். 300 ஓம் ஹெட்போனுக்கோ 6 மில்லி ஆம்பியர் போதும், ஆனால் 1.7 வோல்ட், உச்சியில் 2.5 வோல்ட் தேவை. ஆக, குறைந்த ஓம் ஹெட்போன் மின்னோட்டம் கேட்கிறது; அதிக ஓம் ஹெட்போன் மின்னழுத்தம் கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே ஐ.சி. பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாம் கேள்வி: என் பேட்டரி எவ்வளவு கொடுக்கும்? ஒன்பது வோல்ட்டை நடுவில் பிரித்தால் மேலே நாலரை, கீழே நாலரை. பழைய வகை டி.எல். 072-இன் விவரத்தாள் இருபுறமும் ஐந்தைந்து வோல்ட் கேட்கிறது. ஆகவே ஒற்றைப் பேட்டரியில் அது முதல் நாளே அரைவயிற்றுக் கஞ்சியோடு வேலை செய்கிறது. என்.இ. 5532-க்கு ஒரு நிறுவனத்தின் தாள் மூன்று வோல்ட் போதும் என்கிறது. மற்றொன்று ஐந்து என்கிறது. எனவே அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஓ.பி.ஏ. 2134-க்கு இரண்டரை வோல்ட்டும் ஜே.ஆர்.சி. 4556-க்கு இரண்டு வோல்ட்டும் போதும். இதற்கு மேல், இத்தகைய ஐ.சி.க்கள் பெரும்பாலும் ஒவ்வொரு புறமும் ஒன்றரை முதல் இரண்டு வோல்ட் வரை தமக்கென்று எடுத்துக்கொள்ளும். புதுப் பேட்டரியில் நமக்கு மிஞ்சுவது உச்சிக்கு இரண்டரை முதல் மூன்று வோல்ட். பேட்டரி ஏழு வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் இரண்டு வோல்ட்கூடத் தேறாது. 300 ஓம் ஹெட்போன் அப்போது அழத் தொடங்கும். அப்படிப்பட்ட ஹெட்போன் வைத்திருப்பவர் விலை உயர்ந்த ஐ.சி. தேடி அலைவதைவிட இன்னொரு பேட்டரி சேர்ப்பதே அறிவுடைமை.

மூன்றாம் கேள்வி: ஐ.சி. எவ்வளவு மின்னோட்டம் தரும், சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னும்? டி.எல். 072 இரண்டாயிரம் ஓம் சுமைக்கு என்று அளந்து விற்கப்படுவது. 32 ஓம் ஹெட்போனை அதன் தலையில் ஏற்றுவது ஆட்டுக்குட்டியை ஏரில் பூட்டுவது போலத்தான். 5532-உம் 2134-உம் சுமார் நாற்பது மில்லி ஆம்பியரில் கையை விரித்துவிடும். நாம் கேட்ட 25 அதற்குள் அடங்கினாலும் மிச்சம் அதிகமில்லை. 4556 எழுபது மில்லி ஆம்பியர் தருவதற்கென்றே செய்யப்பட்டது. சாப்பாட்டைப் பார்த்தால் 5532, 2134, 4556 ஆகிய மூன்றுமே எட்டு ஒன்பது மில்லி ஆம்பியர் கேட்கும். அல்கலைன் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ ஐந்நூறு மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். பேட்டரியைப் பிரிக்கும் மின்தடைகளுக்கு ஒன்று, சிவப்பு விளக்குக்கு ஒன்று என்று சேர்த்தால் ஐம்பது மணிநேரம் வரும். பாட்டு உரக்கப் பாடினால் இன்னும் குறையும்.

நான்காம் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. ஐ.சி.யின் உள்வாயில் எந்த வகை? 5532 சாதாரண டிரான்ஸிஸ்டர் வகை. அதன் உள்வாயிலில் சுமார் 200 நானோ ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். மிகச் சிறிய அளவுதான். ஆனால் சூ மோய் வரைபடத்தில் உள்வாயிலில் இருப்பது நூறு கிலோ ஓம் மின்தடை. அதன் வழியாக 200 நானோ ஆம்பியர் ஓடினால் 20 மில்லி வோல்ட் எழும். வரைபடத்தின் பெருக்கம் பதினோரு மடங்கு. ஆகவே வெளிவாயிலில் 220 மில்லி வோல்ட் நேர்மின்னழுத்தம் எப்போதும் நிற்கும். 32 ஓம் ஹெட்போனில் அது ஏழு மில்லி ஆம்பியரை ஓயாமல் ஓட்டும். பாட்டே இல்லாதபோதும் ஹெட்போனின் சவ்வை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். செருகும்போது 'டப்' என்று அடிக்கும். ஓ.பி.ஏ. 2134 ஃபெட் வகை. அதன் உள்வாயிலில் ஓடுவது இதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்த வரைபடத்தில் அது அமைதியாக உட்காருகிறது.

அப்படியானால் மலிவான 5532-ஐப் போடவே கூடாதா? தாராளமாகப் போடலாம், சுற்றுப்புறத்தை அதற்கேற்ப மாற்றினால். நூறு கிலோ ஓமைப் பத்துக் கிலோ ஓம் ஆக்குங்கள். பெருக்கத்தை மூன்று மடங்காகக் குறையுங்கள். அப்போது வெளிவாயிலில் நிற்பது ஆறு மில்லி வோல்ட்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை. உள்வாயிலில் இருக்கும் 0.1 மைக்ரோஃபேரட் மின்தேக்கியை அப்படியே விட்டால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே தவில் ஓசையும் மிருதங்கத்தின் தொப்பியும் தேய்ந்துவிடும். அதை ஒரு மைக்ரோஃபேரட்டாக மாற்றினால் பழையபடி 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மின்னணுவியல் மட்டுமா, குடும்பமும் அப்படித்தானே நடக்கிறது!

அன்றிரவு நாங்கள் கண்டது

இப்போது மருமகனின் டப்பாவுக்கு வருவோம். அதில் இருந்த ஐ.சி.யின் முதுகில் ஓ.பி.ஏ. 2134 என்று அழகாக அச்சிட்டிருந்தது. வாங்கிய இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். விற்றவரே ஏமாந்திருக்கவும் கூடும். மலிவான ஐ.சி.யின் மேற்பரப்பைச் சுரண்டி விலை உயர்ந்த எண்ணை அச்சிடும் மோசடி உலகம் முழுவதும் நடப்பது.

அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்தேன். "உள்வாயில் மின்தடைக்குக் குறுக்கே வைத்துப் பார்" என்றேன். உண்மையான 2134 என்றால் அங்கே சுழியம் வர வேண்டும். வந்ததோ மைனஸ் 17 மில்லி வோல்ட். நூறு கிலோ ஓமில் 17 மில்லி வோல்ட் என்றால் 170 நானோ ஆம்பியர். ஃபெட் வகையில் இது நடக்கவே நடக்காது. அடுத்து பேட்டரியோடு தொடராக மீட்டரை வைத்து ஐ.சி. தின்னும் மின்னோட்டத்தைப் பார்த்தோம். மற்றவை போக எட்டு மில்லி ஆம்பியர். 5532-இன் ஜாதகம் அப்படியே பொருந்தியது. நானூறு ரூபாய் கொடுத்து அவன் வாங்கியது, சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு சோதனைகளையும் வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். டிரான்ஸிஸ்டர் வகை ஐ.சி. வேடம் போட்டு வந்தால் முதற்சோதனையில் மாட்டும். ஃபெட் வகையான டி.எல். 072 வேடம் போட்டு வந்தால் முதலாவதில் தப்பிவிடும், இரண்டாவதில் மாட்டும். ஏனெனில் அது தின்பது மூன்று மில்லி ஆம்பியருக்கும் குறைவு. சில நூறு ரூபாய் மீட்டரே போதும்.

பையனின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! "அப்ப நான் கட்டினதுல தப்பில்லையா மாமா?" என்றான். போர்டில் ஒரு குறைதான் இருந்தது. ஐ.சி.யின் கால்களுக்கு ஒட்டி வைக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் மின்தேக்கியை அவன் வைக்கவில்லை. விரைவான ஐ.சி.க்கள் அது இல்லாவிட்டால் நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தாமாகவே பாடத் தொடங்கிவிடும். கரகரப்புக்கும் சூட்டுக்கும் அதுவும் காரணமாகலாம். அடுத்த வாரம் சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து பஸ் ஏறிக் கார்ப்பரேஷனில் இறங்கி எஸ்.பி. ரோடுக்கு இருவருமாக நடந்தோம். செராமிக் மின்தேக்கிகள், இரண்டு 5532, ஐ.சி. சாக்கெட்டுகள் வாங்கினோம். அசல் 2134 ஒன்றை, அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வரவழைத்தோம்.

சாக்கெட் பற்றி ஒரு சொல். எட்டுக்கால் சாக்கெட் வைத்துவிட்டால் ஐ.சி.யை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். ஆனால் எட்டுக்கால் உள்ளதெல்லாம் ஒன்றல்ல. இரட்டை வகையில் எட்டாம் காலும் நான்காம் காலும் மின்சாரம் பெறும். ஒற்றை வகையில் ஏழாம் காலும் நான்காம் காலும். 5534 என்ற ஐ.சி. 5532-இன் தம்பி போலத் தோன்றினாலும் ஒற்றை வகை. அதை இந்தச் சாக்கெட்டில் செருகினால் வேலை செய்யாது, கெட்டும் போகலாம்.

காது சொல்வதும் கண் சொல்வதும்

இரண்டு போர்டுகளை ஒரே மாதிரி கட்டினோம். பெருக்கம் இரண்டிலும் மூன்று. ஒன்றில் அசல் 2134. மற்றொன்றில் 5532, அதற்கேற்ற மின்தடை மின்தேக்கிகளோடு. பையன் கேட்டுவிட்டு, "2134 ரொம்பத் தெளிவா இருக்கு மாமா" என்றான். "சரி, சோதிப்போம்" என்று என் தங்கையை அழைத்தேன். இரண்டு டப்பாக்களையும் துண்டால் மூடி, அவள் மனம்போல் மாற்றி மாற்றிச் செருக, இவன் திரும்பி உட்கார்ந்துகொண்டு எது என்று சொல்ல வேண்டும். இருபது முறை. பதினொன்று சரி, ஒன்பது தவறு. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் பத்துக்கு அக்கம்பக்கம் சரியாக வரும். பதினைந்துக்குமேல் சொல்லியிருந்தால் வேறுபாடு கேட்கிறது என்று நம்பியிருப்பேன்.

இதனால் எல்லா ஐ.சி.யும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அந்த 32 ஓம் ஹெட்போனில், மிதமான ஒலியில், ஒழுங்காகக் கட்டிய இரண்டு போர்டுகளுக்கிடையே அவன் காதுக்கு வேறுபாடு எட்டவில்லை, அவ்வளவுதான். எல்.எம். 358-ஐப் போட்டிருந்தால் அலை மேலும் கீழும் கடக்கும் இடத்தில் அது செய்யும் முறிவு கேட்டிருக்கும். 4556-ஐப் போட்டிருந்தால் உரத்த இடங்களில் மூச்சு வாங்காமல் பாடியிருக்கும். எங்கே வேறுபாடு உண்டோ அங்கே காரணமும் உண்டு. காரணம் விவரத்தாளில் எண்ணாக எழுதியிருக்கிறது. எண்ணில் இல்லாத மாயத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

2011-இல் தம் பெயரை வெளியிடாத வடிவமைப்பாளர் ஒருவர் 'ஓ-2' என்ற பையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை உலகுக்கு இலவசமாக வழங்கினார். அவர் தேர்ந்தெடுத்த ஐ.சி.க்கள் ஆடம்பரமானவை அல்ல. பெருக்குவதற்கு ஜே.ஆர்.சி. 2068, ஹெட்போனை ஓட்டுவதற்கு ஜே.ஆர்.சி. 4556. பேட்டரி ஒன்றுக்கு இரண்டு. பெருக்கும் வேலையை ஒருவரிடமும் சுமக்கும் வேலையை மற்றொருவரிடமும் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு முடிவையும் கருவியால் அளந்து காட்டினார். விலை உயர்ந்த கருவிகளோடு அதை ஒப்பிட்டு இன்றும் பேசுகிறார்கள். பெயரைவிடப் பொருத்தம் பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

முதலாவது, காதைப் பற்றி. கைப்பேசியே 32 ஓம் ஹெட்போனுக்குப் பெரும்பாலும் போதுமான சத்தம் தரும். அதற்குப் பின்னால் பதினோரு மடங்கு பெருக்கும் கருவியைப் பிள்ளையின் கையில் கொடுப்பது ஆபத்து. வாரத்துக்கு நாற்பது மணிநேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல்தான் எல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த தரம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அது 75. ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. போன செவி திரும்ப வராது. எனவே பெருக்கத்தை இரண்டு அல்லது மூன்றில் நிறுத்தச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டிய போர்டில் நல்ல ஹெட்போனை உடனே செருக வேண்டாம். முதலில் வெளிவாயிலில் மீட்டர் வைத்து இருபது மில்லி வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய மலிவான ஹெட்போனில் சோதிக்கட்டும். செருகிய பின்தான் காதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கை. ஜன்னலைத் திறந்து வைத்து சால்டர் செய்யட்டும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்க விடாதீர்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் பேட்டரிகளைத் தொடக்கத்தில் தொட வேண்டாம். தவறாக இணைத்தால் அவை தீப்பிடிக்கும். ஒன்பது வோல்ட் பேட்டரி பழகும் கைக்கு நல்ல துணை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதன் இரண்டு முனைகளும் அருகருகே இருப்பதால், சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடக் கூடாது.

மூன்றாவது, மனம். பிள்ளை தோற்று வந்து நிற்கும்போது "உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை" என்று சொல்லிவிடாதீர்கள். எங்கே தவறு என்று உடன் உட்கார்ந்து தேடுங்கள். உங்களுக்கு மின்னணுவியல் தெரிய வேண்டியதில்லை. என் தங்கைக்கு ஓமும் தெரியாது, ஆம்பியரும் தெரியாது. ஆனால் அந்தத் துண்டு மூடிய சோதனையில் அவள்தான் நடுவர். அதன் பிறகு அவள் 'ஈயம் உருக்குகிறான்' என்று குறை சொல்லி நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் காட்டிப் பெருமைப்பட்டதாகக் கேள்வி.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இந்தச் சோதனைகளையெல்லாம் நாங்கள் தமிழிலேயே பேசிச் செய்தோம். மின்தடை, மின்தேக்கி, மின்னோட்டம் என்ற சொற்கள் பாடப்புத்தகத்தில் இருப்பவை. இங்கே வளரும் நம் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் கற்கிறார்கள், கற்க வேண்டும். தமிழோ வீட்டில் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும் என்றாகி வருகிறது. வேலை செய்யும் இடத்தில் புழங்காத மொழி மெல்ல மூலையில் ஒதுங்கும். விழா மேடையில் மட்டும் அதை வாழ்த்திப் பயனில்லை. ஒரு மொழியில் கைவேலை கற்ற பிள்ளை அம்மொழியை மறப்பதில்லை. என் தந்தை எனக்குக் கற்றுத் தந்ததும் அப்படித்தான்.

சங்கங்களில் இசை வகுப்பு, நாட்டிய வகுப்பு, எழுத்து வகுப்பு நடக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணிநேரம், பத்துப் பிள்ளைகளுக்குச் சால்டரிங் இரும்பு பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தால் என்ன? ஓய்வு பெற்ற தொழிற்சாலை அன்பர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கைகளில் இருக்கும் அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது. மேசையும் மீட்டரும் நான் கொண்டுவருகிறேன்.

அந்தப் போலி ஐ.சி.யை மருமகன் தூக்கி எறியவில்லை. மின்தடைகளை மாற்றி அதற்கேற்ற வேலை கொடுத்திருக்கிறான். அதே மிட்டாய் டப்பாவில் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிறது. முதுகில் இருந்த பொய்ப் பெயரை மட்டும் தானே சுரண்டி எடுத்துவிட்டான்.